அழித்துவிட்டு வருகிறவர்கள்

கார் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி உங்களிடம் வந்திருக்கும்: "ஏன் சார், நாங்களே ஒரு ஸ்கேனர் வாங்கி வச்சுக்கலாமா?" ஆலோசனை கேட்பதுபோலத்தான் கேட்பார்கள். கேளம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து வருகிறவர்களிடம் சாதனம் ஏற்கெனவே பையில் இருக்கும். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் செருகினால், எஞ்சின் கணினி பதிந்து வைத்திருக்கும் எரர் கோடை, அதாவது பழுதின் குறியீட்டு எண்ணை, போனில் காட்டிவிடும். ஒரு காலத்தில் அதைப் படிக்க அவர்கள் நம்மிடம் வர வேண்டியிருந்தது. இப்போது படித்துவிட்டு வருகிறார்கள். நமக்கு அது பிடிப்பதில்லை.

பயிற்சி வகுப்பில் இதற்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: "வேண்டாம் சார், வெளிச் சாதனம் எதையாவது செருகினா வாரன்டி போயிடும்." இந்தப் பதில் உருவான கூட்டத்தில் நானும் இருந்தேன். தேநீர் வருவதற்குள் முடிவாகிவிட்டது. வாரன்டிப் புத்தகத்தில் அப்படி இல்லையே என்று கேட்டேன். "யார் சார் படிக்கப் போறாங்க?" என்றார்கள். அது நியாயமான பதில்தான். எங்கள் வாரன்டிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் மிகக் குறைவு. நான் படித்திருக்கிறேன். வெளிச் சாதனத்தால் ஒரு பாகம் கெட்டது என்று நாம் காட்டினால், அந்தப் பாகத்துக்கு வாரன்டி கிடையாது என்றிருந்தது. செருகினாலே போய்விடும் என்று எங்கும் இல்லை.

இந்த ஒரு வாக்கியம் ஒருவனுடைய வேலையை எவ்வளவு தூரம் கொண்டுபோனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். டார்க் ரெஞ்சை எப்படிப் பிடிப்பது என்பதையெல்லாம் உங்களுக்குக் கற்றுத்தர நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் இருந்த சர்வீஸ் சென்டர் ஒன்றுக்கு நான் மேனேஜர். வாடிக்கையாளரின் பெயர் கணேசமூர்த்தி. கடற்கரைப் பக்கம் அணுசக்தி ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. கருவிகள் காட்டும் எண்களைச் சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சொந்த வீடு. வண்டியை அதிகம் ஓட்டுவது அவர் மனைவி பத்மினி. திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை.

வண்டியின் குறை இதுதான். எஞ்சின் லைட் எரியும்; சில சமயம் வண்டி வேகம் எடுக்காமல் ஊரும். முதல் தடவை வந்தபோது எங்கள் ஸ்கேனரில் எதுவும் இல்லை. எரர் கோடு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் கணேசமூர்த்தி ஒரு நம்பரைச் சொன்னார். வழியில் ஒரு மெக்கானிக் தன் ஸ்கேனரில் பார்த்துச் சொன்னதாகச் சொன்னார். ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து வரும் இரண்டு சிக்னல்களும் ஒத்துப்போகவில்லை என்பது அந்த நம்பரின் பொருள். எப்போது வருகிறது என்று கவுன்டரில் கேட்டார்கள். "எப்ப வேணாலும் வரும்" என்றார். மிதியின் சென்சாரை வாரன்டியில் மாற்றினோம். மறுபடி வந்தார். மறுபடியும் எங்கள் ஸ்கேனரில் ஒன்றுமில்லை, மறுபடியும் அதே மெக்கானிக், அதே நம்பர். அடுத்த பாகமும் மாற்றப்பட்டது.

பிறகு ஒருநாள், பத்மினி பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது வண்டி நடுச்சாலையில் ஊர ஆரம்பித்தது. பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. அன்று கணேசமூர்த்தி டெல்லியில் இருந்தார். திரும்பி வந்ததும் நேராகக் கார் கம்பெனிக்கே எழுதிவிட்டார். டெக்னீஷியன் புதிய பாகங்களைப் போடவே இல்லை, பழையதைத் துடைத்து மாட்டிவிட்டுப் புதியதை விற்றுவிட்டார் என்பது அவர் புகார். இரண்டு தடவையும் வேலை பார்த்தவன் ஒருவனே என்பதால், பெயரையும் குறிப்பிட்டிருந்தார். தாமோதரன்.

கம்பெனியிலும் அதே நேரத்தில் ஒரு சந்தேகம் எழுந்திருந்தது. நாங்கள் திருப்பி அனுப்பிய பழைய பாகங்கள் இரண்டையும் சோதித்துப் பார்த்ததில் இரண்டும் நன்றாக இருந்தன. நல்ல பாகத்தைக் கழற்றி வேறு பாகம் போட்டதாகக் கணக்குக் காட்டியவன் யார் என்று கேட்டார்கள். புகாரும் கேள்வியும் ஒரே ஆளைச் சுட்டின. எங்கள் முதலாளி நல்லவர்; ஆனால் பெரிய இடத்திலிருந்து போன் வந்தால் நல்லவராக இருப்பதற்கு நேரம் போதாது. "அவனை அனுப்பிடுங்க. நாளைக்கு மத்தியானம் கம்பெனிலேர்ந்து பகுதி அதிகாரி போன் பண்ணுவாரு. ஆளை எடுத்தாச்சுன்னு சொல்லிடணும்" என்றார்.

வேலை போவது நம் தொழிலில் பெரிய விஷயமில்லை. திருட்டுப் பெயரோடு போவதுதான் பெரிய விஷயம். செங்கல்பட்டிலிருந்து கேளம்பாக்கம் வரை இருக்கிற சர்வீஸ் மேனேஜர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொள்கிறவர்கள். தாமோதரனுக்குப் பிறகு இந்தப் பகுதியில் யாரும் ஒரு ஸ்பேனரைக்கூடக் கொடுக்கமாட்டார்கள்.

அவனைக் கூப்பிட்டேன். முப்பது வயது இருக்கும். வாய் கொஞ்சம் அதிகம், வேகம் அதைவிட அதிகம்.

"அந்த ரெண்டு பார்ட்டையும் மாத்தினியா?"

"இன்னா சார், நீங்களே கேக்குறீங்க? புதுசு மாட்டுனேன். பழசைத் தொடச்சி டப்பால போட்டு ஸ்டோர்ல குடுத்தேன். திருடறவன் இவ்ளோ அழகா பேக் பண்ணுவானா?"

"கோடு வந்ததை நீ கண்ணால பாத்தியா?"

"எங்க சார் பாக்குறது? வண்டி உள்ள வரும்போதே சுத்தமா கீது. அவரு சொன்ன நம்பர வச்சித்தான் வேலை. எவனோ ரோட்டு மெக்கானிக்காம். அந்த மகராசன் யாருன்னு சொல்லுங்க, நேரா போயி கால்ல வுழுறேன். நம்ம மிஷின்ல ஒரு தபாகூட காட்டாத கோடு அவனுக்கு மட்டும் எப்டி சார் காட்டுது?"

நல்ல கேள்வி. அவன் கிண்டலுக்காகக் கேட்டான்.

"ஒயர் சேர்ற கனெக்டர் எல்லாம் கழட்டிப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. எந்தச் செய்முறையை எடுத்தாலும் முதல் வரி 'கனெக்டரைப் பார்' என்றுதான் இருக்கும். முதல் வரி என்பதாலேயே எல்லோரும் அதைத் தாண்டித்தான் படிக்கிறார்கள். இவனும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பார்க்காமல் விடுவது ஒன்று, எடுத்து விற்பது வேறு. அவசரத்தில் இருக்கும் நிர்வாகத்துக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

அன்று பிற்பகல் கணேசமூர்த்தியை வண்டியோடு வரச் சொல்லியிருந்தேன். வந்தார். கவுன்டரில் யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார். வண்டியில் நானே ஏறி உட்கார்ந்து எங்கள் ஸ்கேனரைச் செருகினேன். வழக்கம்போல் கோடு எதுவும் இல்லை. ஆனால் அந்தத் திரையில் கீழே இறங்கிப் போனால், யாரும் படிக்காத ஒரு வரி இருக்கும். கோடுகளைக் கடைசியாக அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம். அதில் ஒரு கிலோமீட்டர் என்று இருந்தது.

எங்கள் கேட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. காற்றடிக்க நிற்பதற்கு வசதியான இடம். வேறு காரியங்களுக்கும்.

அந்த ரோட்டு மெக்கானிக் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கணேசமூர்த்தியின் சட்டைப் பையில்தான் இருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். என் கையில் அந்தத் திரை இருந்தது. அதை அப்படியே முதலாளியிடம் கொண்டுபோனால் தாமோதரன் அன்றே தப்பித்துவிடுவான். சாட்சியத்தை அழித்துவிட்டு வந்து எங்கள் ஆளைத் திருடன் என்று எழுதியவர் கவுன்டரில் எல்லோர் முன்னாலும் பிடிபடுவார். பதினைந்து பேர் வாய்விட்டுச் சிரிப்பார்கள். எனக்கும் அதில் விருப்பம் இல்லாமல் இல்லை. ஆனால் அதன்பிறகு அவர் வாயைத் திறக்கமாட்டார். வண்டியில் என்ன குறை என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. நல்ல பாகங்கள் இரண்டு ஏன் மாற்றப்பட்டன என்ற கேள்வி அப்படியே நிற்கும். திருடன் என்ற சொல் போய், ஒன்றும் தெரியாதவன் என்ற சொல் வரும். பத்மினி மறுநாள் காலையிலும் அதே வண்டியில்தான் கிளம்புவார்.

பிடிபட்டவன் பேசமாட்டான். எனக்கு அவர் பேச வேண்டும்.

திரையை அணைத்துவிட்டு, "வாங்க சார், ஒண்ணு காட்டறேன்" என்று வெளியே நின்ற என் வண்டிக்கு அழைத்துப் போனேன். டாஷ்போர்டைத் திறந்து, தீப்பெட்டி அளவுச் சாதனத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இது யாரோடது?"

"என்னோடது. ரெண்டு வருஷமா வச்சிருக்கேன்."

"நீங்களா? இதைச் செருகினாலே வாரன்டி போயிடும்னு உங்க கவுன்டர்ல சொன்னாங்களே?"

"என் கவுன்டர்ல நிறையச் சொல்வாங்க சார்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரிடம் இருப்பதும் அதே சாதனம், அதே நீல நிறம் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அந்த மெக்கானிக் வந்து…" என்று ஆரம்பித்தார்.

"நல்ல கைராசிக்காரர். போன்லயே பாத்துடறாரு."

கணேசமூர்த்தி அன்றுதான் எங்கள் வளாகத்தில் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு சொன்னார். தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து அவர்தான் முதலில் வண்டியைக் கிளப்புவார். பெரும்பாலான நாட்களில் எஞ்சின் லைட் வரும். போனை எடுத்து அழித்துவிடுவார். கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்துவிட்டு, ஆபீஸ் பஸ்ஸுக்குப் போய்விடுவார். பத்மினி எட்டு மணிக்குக் கிளம்பும்போது வண்டி சரியாக இருக்கும்.

"அவளுக்குத் தெரியாது சார். இப்பதான் பயம் தெளிஞ்சு ஓட்ட ஆரம்பிச்சிருக்கா. அந்த லைட்டைப் பார்த்தா சாவியைத் தொடமாட்டா. அழிச்சிட்டா அன்னைக்கு முழுக்கப் பிரச்சனை இல்லை."

"அழிச்சதால பிரச்சனை இல்லையா? இல்ல, கொஞ்ச நேரம் ஓடினதால இல்லையா?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருக்கழுக்குன்றம் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போய் மறைந்தது.

"எங்க லேப்ல ஒரு ஜூனியர் இப்படி ஒரு முடிவைக் கொண்டுவந்தா, திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார்.

"நீங்க டெல்லிக்குப் போயிருந்தப்போ காலைல யார் கிளப்பினாங்க?"

"யாரும் இல்லை. அவளே நேரா எடுத்துட்டுப் போயிருக்கா."

எப்போது வருகிறது என்று கவுன்டரில் கேட்டதற்கு 'எப்ப வேணாலும்' என்று அவர் சொன்னதன் காரணம் இப்போது விளங்கியது. 'தினமும் காலை ஆறு மணிக்கு, நான் ஸ்கேனர் போட்டுப் பார்க்கும்போது' என்று சொன்னால் ஸ்கேனர் இருப்பது தெரிந்துவிடும், வாரன்டி போய்விடும். செருகிய தடம் எங்கள் திரையில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான், இங்கே வரும்போதெல்லாம் பங்க்கில் நிறுத்தி மறுபடி ஒருமுறை அழித்துவிட்டு வந்தார். நாங்கள் சொன்ன பொய்க்குப் பயந்து அவர் ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்யை நம்பித் தாமோதரன் ஸ்பேனரை எடுத்தான்.

மறுநாள் விடியும்போதே தாமோதரனை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் மலையைத் தாண்டினோம். பிறகு கேட்டான்:

"என்னைத் திருடன்னு எழுதுனவரு வூட்டுக்கு நான் எதுக்கு சார் போவணும்?"

"நீ திருடலைன்னு தெரியறதுக்கு."

"அத்த தெரிஞ்சிக்க அவருதான் என் வூட்டுக்கு வரணும். உல்டாவால்ல கீது."

சொன்னதில் தவறில்லை. பதில் இல்லாத நேரத்தில் நான் வண்டி ஓட்டுவதில் கவனமாக இருந்துவிடுவது வழக்கம்.

கணேசமூர்த்தி வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. அதைத் தாண்டினால் கடல். வண்டி வெட்டவெளியில் கடலைப் பார்த்து நின்றது. கூரையிலும் கண்ணாடியிலும் ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். எங்கள் சர்வீஸ் சென்டருக்கு இந்த வண்டி எப்போது வந்தாலும், வெயிலில் முப்பது கிலோமீட்டர் ஓடிக் காய்ந்துதான் வந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஒருவர், எந்த வண்டி வந்தாலும் ராத்திரி அது எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் கேட்பார். அவருடைய மற்ற பழக்கங்கள் எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பத்மினி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். நான் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் கிளம்பியது. நான்கைந்து மூச்சு விடுகிற நேரம். மஞ்சள் லைட் எரிந்தது.

"அன்னைக்கு ரோட்டுல வந்த அதே லைட்டு" என்றார் பத்மினி. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. "இது தினமும் வருமா?"

"அழிச்சிட்டா போயிடும்மா. உனக்கு வீணா பயம் வேண்டாமேன்னு…" என்றார் கணேசமூர்த்தி.

"லாரிக்காரன் ஹாரன் அடிச்சப்போ நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நான்தான் ஏதோ தப்பா மிதிச்சிட்டேன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் பஸ்லதான் போனேன். நீங்க வந்து என்னைத் தைரியப்படுத்தினீங்க. லைட் வர்றதைச் சொல்லலை."

அவர் குரலை உயர்த்தவில்லை. தாமோதரன் திடீரென்று பானட்டுக்குள் மிக மும்முரமாகக் குனிந்துகொண்டான்.

கணேசமூர்த்தியின் போனிலேயே இரண்டு சிக்னல்களையும் ஓடவிட்டேன். எங்கள் பெரிய ஸ்கேனரை வெளியே எடுக்கக்கூட இல்லை. அவர் போனைப் பிடித்துக்கொண்டார். தாமோதரன் எஞ்சின் கணினிக்குப் போகும் ஒயர்களைப் பிடித்து ஒவ்வொரு இடமாக மெல்ல ஆட்டினான்.

"இப்ப?"

"ஒண்ணும் இல்லை."

"இப்ப?"

"இல்லை… இருங்க. விலகுது. மறுபடி ஆட்டுங்க. ஆமா, விலகுது."

பாட்டரிக்குப் பின்னால் இருந்த ஒரு கனெக்டர். எஞ்சினை அணைத்துவிட்டுக் கழற்றினான். உள்ளே ரப்பர் சீல் ஒரு பக்கம் மடிந்திருந்தது. ஊசிகளில் பச்சைக் களிம்பு. இரவெல்லாம் உப்பு ஈரம் இறங்கும்போது இரண்டு சிக்னல்களும் முரண்படும். எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் சேர்ந்துகொள்ளும். ஒரு பைசா பெறாத காரணம். அதற்காக இரண்டு நல்ல பாகங்களைக் கழற்றி எறிந்திருந்தோம்.

தாமோதரன் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். "மொத தபாவே இத்தக் கழட்டியிருந்தா முடிஞ்சிருக்கும் சார்" என்றான் என்னிடம், தணிந்த குரலில். அவனே சொன்ன பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது?

இனி உங்கள் கவுன்டருக்கு வரும் கேள்விக்கு வருகிறேன். ஸ்கேனர் வாங்கலாமா? வாங்கலாம் என்றுதான் சொல்வேன். விலை உயர்ந்தது வேண்டாம். கோடைப் படிக்கவும் ஓடும்போது சில எண்களைப் பார்க்கவும் முடிந்தால் போதும். நடுவழியில் லைட் எரிந்தால், வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டுமா, மெதுவாக வீடு போய்ச் சேரலாமா என்று முடிவெடுக்க அது உதவும். யாரும் அவரை ஏமாற்றவும் சுலபத்தில் முடியாது. நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் வாங்குகிறவரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். முதலாவது, அந்தக் கோடு எங்கே வலிக்கிறது என்று வண்டி சொல்லும் வார்த்தை; எதை மாற்ற வேண்டும் என்ற உத்தரவு அல்ல. சென்சார் பெயரைச் சொன்னால் சென்சார்தான் கெட்டது என்று எடுத்துக்கொள்வதில் வாடிக்கையாளருக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக நான் பார்க்கவில்லை. இரண்டாவது, எல்லாச் செயலிகளிலும் அகலமாக, கை தானாகவே போகும் இடத்தில், 'அழி' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். பழுது நேர்ந்த நொடியில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, என்ன வேகத்தில் போனது என்பதையெல்லாம் கணினி பதிந்து வைத்திருக்கும். அந்தப் பொத்தான் அதையும் சேர்த்து அழித்துவிடும். பழுது மட்டும் அப்படியே இருக்கும்.

இதைச் சொல்வதற்கு முன்பு, வாரன்டி போகும் என்ற வாக்கியத்தை நிறுத்துங்கள். அவர் கையிலிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். நாம் முகம் சுளித்தால் அவர் ஸ்கேனரைத் தூக்கி எறியப் போவதில்லை, அழித்துவிட்டு வருவார்.

மத்தியானம் சொன்னபடியே பகுதி அதிகாரியின் போன் வந்தது. என் அறையில் முதலாளி இருந்தார். கணேசமூர்த்தியும் இருந்தார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் காலையிலேயே சொல்லியிருந்தார். அது போதாது. நல்ல பாகங்கள் ஏன் மாற்றப்பட்டன என்பதற்கு யாராவது ஒருவர் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை நான் சொன்னால் காட்டிக்கொடுத்ததாகும். அவர் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது. போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆளை எடுத்தாச்சா?" என்றார் அதிகாரி.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கணேசமூர்த்தியைப் பார்த்தேன். அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார்.

"சார், நான்தான் கஸ்டமர்" என்றார் கணேசமூர்த்தி. "ஒவ்வொரு தடவையும் கோடை அழிச்சிட்டுத்தான் வண்டியை இங்கே கொண்டுவந்தேன். எப்ப வருதுங்கறதையும் தப்பாச் சொன்னேன். டெக்னீஷியனுக்குப் பார்க்க எதுவுமே நான் மிச்சம் வைக்கலை. அவர் எதையும் திருடலை."

அதிகாரி உடனே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். "வெளிச் சாதனம் பயன்படுத்தியிருக்கீங்க. அப்போ வாரன்டி விஷயமா நாங்க…"

கணேசமூர்த்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான்.

"புத்தகத்துல அப்படி இல்ல சார். பக்கம் வேணும்னா சொல்றேன்" என்றேன். "களிம்பு பிடிச்சதுக்கு அந்தச் சாதனம் காரணமில்லை. உண்மையைச் சொன்ன ஒருத்தரோட வாரன்டியைப் பிடுங்கினா, இந்தக் கடற்கரை முழுக்க இருக்கறவங்க இனிமே அழிச்சிட்டுத்தான் வருவாங்க. நாங்களும் நல்ல பாகத்தையே கழட்டி உங்களுக்கு அனுப்பிக்கிட்டு இருப்போம். எது லாபம்னு நீங்களே பாத்துக்கங்க."

"பார்த்துச் சொல்றேன்" என்றார் அதிகாரி. நம் தொழிலில் அதற்குச் சரி என்று பொருள். வாரன்டி நிலைத்தது. கனெக்டர் மட்டும் வெளிப்புறச் சூழலால் பாதிக்கப்பட்டது என்று சொல்லி வாரன்டியில் சேர்க்கவில்லை. அதுவும் புத்தகத்தில் இருக்கிறது.

போனை வைத்ததும் முதலாளி தாமோதரனை உள்ளே அழைத்து, "வேலையைப் பாரு போ, ஒண்ணும் இல்ல" என்றார். எல்லாம் சுமுகமாக முடிந்ததென்று அவருக்கு நிம்மதி. தாமோதரன் போகவில்லை.

"ஒண்ணும் இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிச்சு சார். ஷெட்டுல கீறவங்களுக்கு?" என்றான். கணேசமூர்த்தி பக்கம் திரும்பினான். "ஒரு வாரமா நான் டூல் பாக்ஸ் பக்கம் போனாலே பசங்க எண்ணிப் பாத்துகினு இருக்காங்க. நீங்க எழுதி அனுப்பிச்சது எல்லாருக்கும் தெரியும். உள்ள சொன்னத வெளியவும் வந்து சொல்லிட்டுப் போங்க சார்."

"டேய், சாரை அப்படியெல்லாம்…" என்று முதலாளி எழுந்தார். நான் எழவில்லை. கணேசமூர்த்தி எழுந்தார்.

ஷெட்டில் எல்லா லிஃப்டிலும் வண்டிகள் நின்றன. ஆட்கள் வேலையை நிறுத்தாமலே கவனித்தார்கள். கணேசமூர்த்தி நடுவில் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பிறகு அவிழ்த்துவிட்டு, அலுவலகக் கூட்டத்தில் பேசுகிறவரைப் போல ஏதோ சொன்னார். அவர் உதடு அசைந்தது தெரிந்தது.

"கேக்கல சார். கம்ப்ரஸர் ஓடுது" என்றான் தாமோதரன்.

அவனே போய் ஸ்விட்சை அணைத்தான். கம்ப்ரஸர் இரைந்து, தணிந்து, நின்றது. அந்த ஷெட் வேலை நேரத்தில் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"தாமோதரன் எந்தப் பார்ட்டையும் எடுக்கலை" என்றார் கணேசமூர்த்தி. "நான் எழுதினது தப்பு."

தாமோதரன் தலையசைத்தான். பிறகு, யாரும் கேட்காமலே, அதே குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி, "கனெக்டரை நான் கழட்டிப் பாக்கல. அதுவும் தப்பு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போய் ஸ்விட்சைப் போட்டான்.